தொடக்க மதிப்பு: துரைராசு

கணினிக்குள் இருக்கிற ஒரு பெட்டிக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கு வரச் சொல்லி, ஆலங்குழி காலனித் தெருவில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துவிட்டுப் போனார்கள். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம். விழாவுக்கு வராதவர்களின் நிலம் கணினியில் ஏறாமல் போனால் அரசு பொறுப்பல்ல என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகக் காத்தாயி தன் நடவுக் கொத்துப் பெண்களைப் பாதி வயலில் கரையேற்றி, வாய்க்காலில் காலைக் கழுவவைத்து, எல்லோரையும் பஸ் ஏற்றினாள்.

அவளுக்கு இருந்தது இரண்டு மா நிலம், ஏக்கரில் முக்கால்கூட வராது. ஒரு காலத்தில் அது துரைராசு பண்ணையின் நிலம். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மிஞ்சிய நிலத்தையெல்லாம் பண்ணை வீட்டில் மாட்டின் பெயரிலும், செத்துப்போன சித்தப்பன் பெயரிலும் எழுதி வைத்துக்கொண்டார்கள். சங்கம் போய்ச் செங்கொடி ஊன்றியது. போலீஸ் பிடுங்கியது. மறுபடி ஊன்றினார்கள். காத்தாயியின் புருஷன் வீரையன் அதில் ஜெயிலுக்குப் போய் வந்தான். கேஸ் முடிந்து, காலனிக்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு மா என்று பட்டா கிடைத்து, அதில் நெல் விளைந்ததையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செத்தான்.

நிலம் கைக்கு வந்துவிட்டது. நாக்குக்கு ஒன்று வரவில்லை. பண்ணையின் பெயரைத் தெருவில் ஒருவரும் வாயால் சொல்ல மாட்டார்கள். காத்தாயியின் மாமனார் ஒரு தடவை, ஆடு எங்கே மேய்கிறது என்று கேட்டவனிடம், "துரைராசு வயல்ல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். துரைராசு அப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன். மாமனாரைப் புளியமரத்தில் கட்டி, சாட்டையால் அடித்து, சாணிப்பால் புகட்டினார்கள். அந்தக் காலம் போய், கூலி உயர்ந்து, பண்ணை வீட்டு வாசலைச் சைக்கிளை விட்டு இறங்காமலே கடக்கிற காலமும் வந்தது. அந்தப் பெயரை மட்டும் நாக்கு எடுக்கவில்லை. 'பண்ணை' என்பார்கள். 'அவங்க' என்பார்கள். ஆத்திரத்தில் மண்ணை வாரித் தூற்றும்போதுகூட, 'அவங்க நாசமாப் போவ' என்றுதான் மரியாதையோடு தூற்றினார்கள்.

விழாவை நடத்தியது காவிரிப் படுகை நிலப்பதிவுக் கணினி இயக்ககம். இடம் கல்யாண மண்டபம். மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் ஒரு கணினியை வைத்துப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். பகுத்தறிவு அரசு என்பதால் அதற்குத் தேங்காய் உடைப்பதை மட்டும் மண்டபத்தின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

இயக்ககத்தின் உதவி இயக்குநர் பஞ்சநதம் மக்களுக்குப் புரியும்படி விளக்கினார். கணினிக்குள் ஒவ்வொரு சங்கதியையும் போட்டுவைக்க ஒரு பெட்டி உண்டு. அதை 'மாறி' என்பார்கள். நம்மூர்ப் பத்தாயம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் இன்ன பெயரில் ஒரு பத்தாயம் இருக்கிறது என்று அறிவிக்க வேண்டும். அடுத்து அதில் முதல் நெல்லைக் கொட்ட வேண்டும். அதுதான் தொடக்க மதிப்பு. அறிவித்துவிட்டுக் கொட்டாமல் விட்டால் பத்தாயத்தில் என்ன இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இவ்வளவையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அமைச்சரின் பெயரை அடைமொழியோடு சொல்ல வேண்டியிருந்தது.

உச்சவரம்பில் நிலம் பெற்றவர்களின் பெயரைப் போட்டுவைக்கும் பெட்டிக்கு, அப்போதைய தலைவரின் பட்டமான 'நெற்களஞ்சியக் காவலர்' என்ற பெயர் சூட்டப்பட்டது. அமைச்சர் ஒரு விசையைத் தட்டினார். திரையில், 'காத்தாயி, க/பெ வீரையன்' என்று வந்தது. கூட்டம் கை தட்டியது. காத்தாயிக்கு எழுத்துக்கூட்டித் தன் பெயரை மட்டும் படிக்கத் தெரியும். அவளும் தட்டினாள். திரும்பி வந்து மீதி வயலை நட்டார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. 'நெற்களஞ்சியக் காவலர்' என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பஸ் நிலையம், தண்ணீர்த் தொட்டி, சத்துணவுக் கூடம் எல்லாம் முடிந்து கடைசியில் கணினிக்குள் இருந்த பெட்டிக்கு வந்தார்கள். அதே மண்டபம், அதே பஞ்சநதம், அதே பொன்னாடை. பெட்டிக்குக் 'காவிரி கொண்டான்' என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. முதல் விழாவின் பேனரில் பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைத் தாளை ஒட்டி எழுதியிருந்தார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் ஐயாவு என்பவருக்கு வாய் சும்மா இருக்காது. எழுந்து, ஜனங்களுடைய பெயரெல்லாம் பழைய பெயருள்ள பெட்டியில்தானே கிடக்கிறது, புதுப் பெட்டியில் என்ன இருக்கும் என்று கேட்டார். பஞ்சநதத்துக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. மைக்கை வாய்க்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"இதுதாங்க நாங்க கணினிக்கு எழுதுற இந்த ஸ்கிரிப்ட் மொழியோட பெருமை. வேற மொழியா இருந்தா, இப்படி ஒரு பேரே எனக்குத் தெரியாதேன்னு முரண்டு பண்ணிக்கிட்டு நின்னுடும். இது நிக்காது. பழசு என்னாச்சு, அதுல யாரு இருந்தாங்க, எதுவும் கேக்காது. புதுப் பேரை எழுதுன உடனே புதுசா ஒரு காலிப் பெட்டியத் தொறந்து வச்சிட்டு அது பாட்டுக்கு அடுத்த வேலையப் பாக்கப் போயிடும். அரசு ஊழியர்கள் அத்தனை பேரும் இதைப் பாத்துக் கத்துக்கணும்."

ஐயாவு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பழைய பெட்டியைத் திறந்து, இருப்பதைப் புதுப் பெட்டியில் அள்ளிப் போட்டால் என்ன என்று கேட்டார். பழைய பெயரைச் சொல்லித்தான் பழைய பெட்டியைத் திறக்க முடியும், அந்தப் பெயரைச் சொல்வது அரசுக்கு விரோதம் என்று அவருக்கு விளக்கப்பட்டது. அடுத்த வாரமே அவரை நாகப்பட்டினம் பக்கம் உப்பளங்களைக் கணக்கெடுக்க மாற்றினார்கள்.

தை மாதம் அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட நிலத்துக்கு அத்தாட்சி கேட்டபோதுதான் காத்தாயி தாலுகா ஆபீசுக்குப் போனாள். தாள் வந்தது. உரிமையாளர் என்ற இடத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. காலியாக வருகிற தாளில் முத்திரை வைக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது என்றார் குமாஸ்தா. பக்கத்தில் நின்ற, அவள் கொத்தில் நடுகிற ராமாயிக்கும் அப்படியேதான் வந்தது. காலனியில் நிலம் பெற்ற அத்தனை பேருக்கும் அப்படியே. வேறு பெட்டி அறிவிக்காததால் புறம்போக்கு நிலங்களும் அரசு ஆபீஸ் நிற்கிற இடங்களும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன, அவையும் காலி. பெரிய பட்டாதாரர்களின் நிலம் வேறொரு கம்பெனி எழுதிய ஸ்கிரிப்டில் இருந்ததால் அதற்கு ஒரு குறையும் வரவில்லை. ஆகவே அவசரமும் யாருக்கும் வரவில்லை. காத்தாயி நெல்லை வியாபாரி சொன்ன விலைக்கு அள்ளிக் கொடுத்தாள்.

காலியிடம் இருப்பது அரசுக்கு அழகல்ல என்று, தொடக்க மதிப்பு தேர்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பெட்டியில் முதலில் எதைப் போடுவது? பூஜ்யம் போடலாம் என்றார் ஒருவர். ஆட்சியின் சாதனை எவ்வளவு என்று எதிர்க்கட்சி கேட்கும்போது இதைக் காட்டுவார்கள் என்று மறுத்தார்கள். 'அரசு' என்று போடலாம் என்றார் இன்னொருவர். அப்படிப் போட்டால் வாய்க்காலை அரசே தூர்வார வேண்டிவரும் என்று பொதுப்பணித்துறை எழுந்து நின்று எதிர்த்தது. அமைச்சர் பெயரைப் போடலாம் என்று சொன்னவரை எல்லோரும் பாராட்டினார்கள், ஆனால் அமைச்சர் அவ்வளவு நிலத்தை வெளிப்படையாக வைத்துக்கொள்ள விரும்பமாட்டார் என்று விட்டுவிட்டார்கள்.

குழு கூடியது துரைராசு வீட்டு மாடியில். இரண்டு ஆட்சியிலும் அதிகாரிகள் கூடுவதற்கு ஊரில் அதைவிட நல்ல இடம் இல்லை. மத்தியானம் கோலா உருண்டையும் வஞ்சிர வறுவலும் வந்தன. பஞ்சநதம் கையைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு பெயரைப் போட்டுச் சோதித்துப் பார்ப்போம் என்று, சாப்பிட்ட இலைக்கு நன்றியாக 'துரைராசு' என்று அடித்தார். பெட்டி ஏற்றுக்கொண்டது. புது ஏற்பாட்டில் தகப்பனார் பெயருக்கு இன்னும் பெட்டியே அறிவிக்கவில்லை, அதற்கு நிதி அடுத்த கட்டத்தில் வரும். சோதனை வெற்றி என்று எல்லோரும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். சோதனைக்குப் போட்ட பெயரை எடுப்பதற்கு யாரையும் நியமிக்கவில்லை.

அடுத்த தடவை காத்தாயிக்குத் தாள் முத்திரையோடு வந்தது. அதை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த ஹாஜா மைதீனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். ஹாஜா மைதீன் சவுதியில் லாரி ஓட்டிவிட்டு வந்து, வாய்க்கால் ஓரம் கடை போட்டு, தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். படித்துவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

"அக்கா, ஒங்க நெலம் துரைராசு பேருல இருக்கு."

காத்தாயிக்கு நிலத்தைவிட அந்தப் பெயர்தான் முதலில் உறைத்தது. கடை வாசலில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். மெதுவாக, "அவங்க பேரா?" என்றாள்.

"அவங்க பேருதான். ஒங்க நெலம் மட்டுமில்ல. ராமாயி நெலம், சுடுகாடு, வாய்க்கா, இந்தக் கடை நிக்கிற எடம், எதுத்தாப்புல இருக்கு பாருங்க தாலுகா ஆபீஸ், அதுவும். நான் இப்ப அவருக்கு வாடகை குடுக்கணுமா, தாசில்தாரு குடுக்கணுமான்னுதான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

துரைராசு சட்டத்தை மதிக்கிறவர். கோர்ட்டில் தோற்ற நிலம் கணினியில் திரும்பி வந்ததை ஒரு நல்ல குடிமகனாக ஏற்றுக்கொண்டார். காலனிக்கு ஆள் அனுப்பி, இந்தப் போகத்தோடு எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், சித்திரையில் மண் வெட்டிச் செங்கல் காளவாய் போடப்போகிறேன் என்று சொல்லச் சொன்னார். மேல்மண்ணை ஒரு ஆள் ஆழத்துக்கு எடுத்துவிட்டால் அப்புறம் அது யார் நிலம் என்பதில் ஒன்றும் இல்லை. அதில் நெல் வராது. மீன் வேண்டுமானால் வரும்.

காத்தாயி மனு எழுதி எடுத்துக்கொண்டு போனாள். குமாஸ்தா படித்துப் பார்த்து, பெயர் திருத்த மனுவில் நிலத்தின் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நான்தான் உரிமையாளர் என்றாள். கணினியைப் பார்த்து, இல்லை என்றார். அப்படியானால் உரிமையாளர் யாரென்று நீயே சொல்லு என்றார். அவள் 'அவங்க' என்றாள். எவங்க என்றார். பண்ணை என்றாள். எந்தப் பண்ணை, பேர் சொல்லு, பேர் சொல்லாமல் மனுவை எப்படிப் பதிவது என்று அதட்டினார். பின்னால் வரிசை கத்தத் தொடங்கியது. மனு வேண்டாம் என்று திரும்பிவிட்டாள்.

ராமாயி வழியெல்லாம் அவளைத் திட்டினாள். "கொடி ஊனப் போனப்ப போலீஸ்காரன் லத்தியப் புடிச்சி இழுத்தவ நீ. ஒரு பேரச் சொல்ல முடியலையாடி?"

"நீ சொல்லேன்" என்றாள் காத்தாயி.

ராமாயி பஸ் சன்னல் பக்கம் திரும்பி, ரோட்டில் போன மாட்டைத் திட்டத் தொடங்கினாள்.

கடைசியில் இயக்ககத்துக்கே போனார்கள். ஹாஜா மைதீனும் கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தார். பஞ்சநதத்தின் அறையில், 'வெற்றிடமே இல்லாத வட்டம்' என்று அரசு கொடுத்த கேடயம் மேஜைமேல் இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். உட்காரச் சொன்னார். தன் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான ஒரு குறையைக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

"தப்புதாம்மா. நானே போட்ட பேரு, எனக்குத் தெரியாதா? ஆனா இதுதான் முடிவுன்னு தரவை முடக்கியாச்சு. இப்பத் திருத்துனா, முன்னாடி தப்பு இருந்துச்சுன்னு ஆயிடும். தப்பு இருந்துச்சுன்னா கேடயத்தத் திருப்பிக் குடுக்கணும். மந்திரி கையால வாங்குனத எப்படித் திருப்பிக் குடுக்கறது, சொல்லுங்க?"

நிலத்தை நாங்கள்தான் உழுகிறோம், ஊரே சாட்சி சொல்லும் என்றாள் காத்தாயி. பஞ்சநதம் அதையும் ஒப்புக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். அரசு இயந்திரத்துக்கு இதயம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற முகத்தோடு நிமிர்ந்தார்.

"ஒன்னு செய்யலாம்மா. தரவைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. ஆளைத் திருத்திக்கச் சட்டத்துல எடம் இருக்கு. கணினியில இருக்குற பேருக்குத் தக்கபடி நீங்க ஒங்க பேரை மாத்திக்கங்க. கெஜட்ல போட்டுடுவாங்க. ஒரு பிரச்சனையும் இல்ல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதைச் சுற்றறிக்கையாகவும் அனுப்பினார். தரவுக்கும் மனிதர்களுக்கும் முரண்பாடு காணப்படும் நேர்வுகளில் மனிதர்கள் உரிய திருத்தம் செய்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது.

ஹாஜா மைதீன் வெளியே வந்து சிரித்தார். பஸ் நிலையம் வரைக்கும் சிரித்தார். டீக்கடையில் டீயை வாங்கியவர், பாதி குடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அக்கா, அந்தாளு சொன்னதுல ஓட்டையே இல்ல. பட்டாவுல துரைராசு. கெஜட்ல துரைராசு. நெலத்த உழுவுறதும் துரைராசு. தகப்பன் பேருதான் பெட்டியிலேயே இல்லையே. எவன் வந்து என்ன கேக்க முடியும்?"

"அவங்க பேரை நான் வச்சிக்கிறதா? பாய், என் மாமனாருக்கு அந்தப் பேரை ஒரு தடவ சொன்னதுக்கே..."

"தெரியும்க்கா. நீங்க சொல்லியிருக்கீங்க." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பேருக்கு ஒங்க வூட்டுல ஏற்கெனவே வெலை குடுத்தாச்சுன்னு வச்சிக்கங்களேன்" என்றார்.

பெயர் மாற்றத்துக்கு வருகிறவர்கள் தாசில்தார் முன்னால் புதுப் பெயரைத் தாங்களே வாயால் சொல்ல வேண்டும் என்று அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு தாசில்தார் தொடங்கிவைத்தது, அடுத்து வந்தவர்கள் கேள்வி கேட்கவில்லை. காத்தாயியை நிறுத்தினார்கள். குமாஸ்தா பேனாவோடு காத்திருந்தார்.

"பழைய பேரு?"

"காத்தாயி."

"புதுப் பேரு?"

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். ஊமையா என்று குமாஸ்தா ஹாஜா மைதீனைக் கேட்டார். சன்னலுக்கு வெளியே தாலுகா ஆபீஸ் புளியமரம் தெரிந்தது. கணினிப்படி அதுவும் பண்ணையின் மரம்தான். காத்தாயி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"தொரராசு."

ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். யாரும் மரத்துக்குக் கயிறு எடுத்துக்கொண்டு போகவில்லை. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"தொரராசு" என்றாள் மறுபடி, சத்தமாக. வெளியே வரிசையில் நின்ற ராமாயிக்குக் கேட்டது.

"ஒரு தடவ போதும்மா" என்றார் குமாஸ்தா. "அடுத்த ஆளு."

அடுத்த ஆள் ராமாயி. அவளும் துரைராசு. அவளுக்குப் பின்னால் காலனியில் நிலம் பெற்ற அத்தனை பேரும், ஆணும் பெண்ணும், துரைராசு என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சிலர் வேண்டுமென்றே முணுமுணுத்து, கேட்கவில்லை என்று குமாஸ்தாவைச் சொல்லவைத்து, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்கள். கெஜட் வந்தது. பட்டா, கெஜட், சாகுபடிக் கணக்கு மூன்றும் ஒத்துப்போவதாக இயக்ககம் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டது. சுடுகாடும் வாய்க்காலும் பெயர் மாற்றிக்கொள்ள வரவில்லை. ஆகவே அவை பழைய துரைராசுவிடமே இருந்தன. வாய்க்காலைத் தூர்வாராததற்காகவும், சுடுகாட்டுக் கொட்டகை இடிந்ததற்காகவும் அவருக்கு நோட்டீஸ் வந்தது.

காளவாய்க்கு மண் வெட்ட அனுமதி வாங்க துரைராசு நேரில் போனார். எந்த துரைராசு என்று கேட்டார்கள். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. நிலத்தை அனுபவித்து வருகிற துரைராசு யாரென்று பார்த்ததில் அது ஆலங்குழி காலனியில் இருக்கிற ஒரு பெண்மணி என்று தெரிகிறது, தாங்கள் அவர்தானா என்றார்கள். மேஜையைத் தட்டினார். துரைராசுகள் நிறையப் பேர் இருப்பதால் டோக்கன் வாங்கிக்கொண்டு வரும்படி சொன்னார்கள்.

அவர் பஞ்சநதத்திடம் போனார். தன் வீட்டு வஞ்சிரத்தைத் தின்ற மனிதன் என்ற உரிமையோடு கத்தினார். பஞ்சநதம் அதே பொறுமையோடு கேட்டு, உட்காரச் சொல்லி, அதே நாற்காலியில் சாய்ந்து யோசித்தார்.

"ஒரே பேருல இத்தனை பேரு இருந்தா கொழப்பம் வரத்தாங்க செய்யும். நீங்க வேணும்னா மாத்திக்கலாம். காத்தாயிங்கற பேரு இப்பக் காலியாத்தான் இருக்கு."

மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம், துரைராசு தன் ஆட்கள் ஒருவரும் இல்லாமல் தனியாக அந்த வயல் பக்கம் வந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார். உழுது பரம்படித்து, குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் அவர் வருவதைப் பெண்கள் பார்த்தார்கள். முன்னெல்லாம் அப்படிப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கரையோரம் ஒதுங்குவார்கள். இன்று ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் நாற்று முடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

காத்தாயி நிமிரவில்லை. ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, வயலின் அந்தக் கோடியில் நட்டுக்கொண்டிருந்த ராமாயிக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"ஏய் தொரராசு, எட்டி எட்டி நடுறியே, மாடா மேயப்போவுது எடையில? கிட்ட வாடி. குனிஞ்சு நடு."

வரப்பில் நின்ற துரைராசு, தன் பெயர் கேட்டால் திரும்புகிற பழக்கத்தில், இடுப்பைக் கொஞ்சம் வளைத்துவிட்டார்.